டோல்கேட்டில் மட்டும் வியர்க்கும் கார்

போன சித்திரையில் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். வண்டலூர் தாண்டியதும் காருக்குள் நல்ல குளிர். பின்சீட்டில் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் கொறைச்சு வையேன்ப்பா" என்றார். பரனூர் டோல்கேட் வரிசையில் ஐந்து நிமிடம் நின்றிருப்போம், அதே அம்மா கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். ஏசி பட்டனில் விளக்கு எரிகிறது, காற்றும் வேகமாகத்தான் வருகிறது, ஆனால் வருவது வெறும் ஃபேன் காற்று. டோல்கேட்டைக் கடந்து கொளவாய் ஏரியை ஒட்டி வேகமெடுத்ததும் மறுபடி குளிர். பக்கத்து சீட்டிலிருந்த மச்சான் யோசிக்கவே இல்லை. "கேஸ் போயிருக்கும் மாப்ள. ஊருக்குப் போனதும் ரொப்பிடு."

நம் ஊரில் கார் ஏசிக்கு என்ன நோய் வந்தாலும் மருந்து இதுதான். நானும் ரொப்பினேன். கடைப்பையன் குழாயின் வால்வை ஒரு குச்சியால் அழுத்த, உள்ளே இருந்த கேஸ் புஸ்ஸென்று சீறிக் காற்றோடு போனது. கேனிலிருந்து புதுசு ஏறியது. காலை எட்டு மணி, கடை வாசலில் மரத்தடி நிழல், ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தபடி டெஸ்ட். ஜில்லென்று இருந்தது. மறுநாள் மதியம் கத்திப்பாரா நெரிசலில் பழைய கதை. இன்னொரு கடைக்குப் போனேன், இன்னொரு முறை ரொப்பினார்கள். இரண்டு கடையிலும் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: எப்போது குளிரவில்லை?

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. இறுக மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய், சீல் வழியாக வருடக் கணக்கில் மிகக் கொஞ்சம் கசியும். அதை விட்டால், கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் ரொப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. என் வண்டியில் ஓட்டையே இல்லை என்பது பிறகு தெரிந்தது. குடம் நிறைந்திருக்கும்போதே இரண்டு முறை பணம் கொடுத்துத் தண்ணீர் பிடித்திருக்கிறேன்.

ஊசி போடுமுன் நர்ஸ் தடவும் ஸ்பிரிட் ஏன் ஜில்லென்று இருக்கிறது? அது ஆவியாகும்போது தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். கார் ஏசியும் ஒரு திரவத்தை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. நம் ஊர்க் கார்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்ற திரவம். திறந்தவெளியில் வைத்தால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இனி வேண்டியது கொதிநிலையை நம் விருப்பத்துக்கு ஏற்றி இறக்கும் ஒரு வழி. அது எல்லாச் சமையலறையிலும் இருக்கிறது. குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கிறது. அதனால் பருப்பு சீக்கிரம் வேகிறது. கொடைக்கானலில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை ஏறும், குறைத்தால் இறங்கும். ஏசியின் மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அழுத்தம் 30 பிஎஸ்ஐ அளவில் இருக்கும், ஏறக்குறைய கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம். அந்த அழுத்தத்தில் ஆர்-134ஏ, பூஜ்யம் டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். அதன்மேல் புளோயர் தள்ளும் காற்று தன் சூட்டைக் காயிலிடம் விட்டுவிட்டு முகத்தில் வந்து படுகிறது. சூட்டை வாங்கி ஆவியான கேஸை கம்ப்ரசர் இழுத்து, 200 பிஎஸ்ஐக்கு மேல் நசுக்குகிறது. ஏன் அவ்வளவு? சூடு எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். வெளியே 38 டிகிரி வெயில். அந்த வெயிலிடம் சூட்டை ஒப்படைக்க வேண்டுமென்றால் கேஸ் அதைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். 230 பிஎஸ்ஐயில் ஆர்-134ஏ, 60 டிகிரியிலேயே திரவமாகிவிடும். அப்படித் திரவமாகும் இடம் கண்டென்சர். முன்பக்க கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் தட்டையான பலகை. திரவம் பிறகு டிரையரில் ஈரம் நீங்கி, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை வழியாக அழுத்தம் இழந்து, மறுபடி கூலிங் காயிலுக்குள் நுழைகிறது. ஆக ஏசி பார்ப்பது சுமைகூலி வேலை. உள்ளே அள்ளிய சூட்டை வெளியே கொட்டினால்தான் அடுத்த நடைக்குக் கூடை காலியாகும்.

மூன்றாவதாக நான் போனது பல்லாவரத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு சிறிய ஷெட். வயதான பாய் ஒருவர். கேஜைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "ஓடும்போது குளிருதா சார், நிக்கும்போது குளிருதா?"

"ஓடும்போது குளிருது பாய். சிக்னல்ல நின்னா போயிடுது."

பானட்டைத் திறக்கச் சொன்னார். ஏசியைப் போட்டு வண்டியை ஐடிலிங்கில் விட்டார். சில நிமிடத்தில் குளிர் போனது. பக்கெட்டிலிருந்து ஒரு மக்கு தண்ணீர் எடுத்து கிரில் வழியாகக் கண்டென்சர்மேல் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. "உள்ள கை வெச்சுப் பாருங்க." இன்னொரு மக்கு. அரை நிமிடம் ஆவதற்குள் ஏசி வாயில் ஜில்லென்ற காற்று.

கூடை காலியாகவில்லை, அதுதான் நோய். வண்டி ஓடும்போது எதிர்காற்று கண்டென்சரைக் குளிர்வித்துவிடுகிறது. நிற்கும்போது அந்தக் காற்று கிடையாது, அந்த வேலையை ஒரு மின்விசிறி செய்ய வேண்டும். என் வண்டியில் ரேடியேட்டருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என இரண்டு விசிறி. ஏசி விசிறி சுற்றவே இல்லை. கண்டென்சரில் சூடு தேங்கி, அழுத்தம் எகிறி, குழாய் வெடித்துவிடக் கூடாதே என்று பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது. டோல்கேட்டில் நடந்தது அதுதான். காலை எட்டு மணிக்கு மரநிழலில் செய்த டெஸ்டில் இது எப்படித் தெரியும்? பாய் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ரிலேயை மாற்றினார். தீப்பெட்டியைவிடச் சிறிய கறுப்புக் கட்டி. விலை 180 ரூபாய். விசிறி கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது.

சில வண்டிகளில் ரேடியேட்டருக்கும் ஏசிக்கும் சேர்த்து ஒரே விசிறிதான். அது நின்றால் எஞ்சினும் சேர்ந்து சூடேறும், டெம்பரேச்சர் முள் காட்டிக்கொடுத்துவிடும். கண்டென்சரின் இடுக்கெல்லாம் புழுதியும் பூச்சியும் அடைத்திருந்தாலும் நிற்கும்போது இதே கதைதான். அதற்கு மருந்து தண்ணீர் மட்டும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது கிரில் பக்கம் மென்மையாக அடிக்கச் சொன்னால் போதும். அதிவேக கன்னை நேராக வைத்து அடித்தால் அந்த மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும்.

குளிர் போகும் நேரம் ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு மாதிரி. கிளம்பியபோது அருமையாகக் குளிர்கிறது, ஒரு மணி நேரம் கழித்துக் காற்றின் வேகமே குறைந்துபோகிறது, டீக்கடையில் நிறுத்தி அரைமணி கழித்து எடுத்தால் மறுபடி சரியாகிவிடுகிறது என்றால், கூலிங் காயில்மேல் பனிக்கட்டி படிகிறது. காயில் உறையுமுன் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லும் சின்ன சென்சர் கெட்டிருக்கலாம். குளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டர் தூசி அடைத்துக் காற்றை மறித்திருக்கலாம். இதற்கு நெருங்கிய உறவுக்காரன் இன்னொன்று: குளிர் வருவதும் போவதுமாக இருக்கிறது, ஆனால் காற்றின் வேகம் குறையவே இல்லை. இங்கே ஐஸ் கட்டுவது காயிலின் மேல் அல்ல, எக்ஸ்பான்ஷன் வால்வின் துளைக்குள். குழாய்க்குள் ஈரம் நுழைந்துவிட்டது. ஒரு துளி நீர் வால்வின் வாயில் உறைந்து அடைக்கிறது, குளிர் நிற்கிறது, ஐஸ் உருகுகிறது, குளிர் வருகிறது.

இதனால்தான் ஒழுங்கான கடையில் கேஸ் ஏற்றுமுன் வாக்யூம் பம்பை மாட்டி அரைமணி நேரமாவது ஓடவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு வெட்டி வேலையாகத் தெரியும். நடப்பதோ நல்ல இயற்பியல். வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 24-ல் 1 பங்குக்கு இறக்கிவிட்டால் 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும். குழாய்க்குள் ஒளிந்த ஈரம் நெருப்பில்லாமல் கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது. பம்பை நிறுத்தியபின் கேஜ் முள் அசையாமல் நின்றால் பெரிய ஓட்டை இல்லை என்பதும் கூடவே தெரிந்துவிடும். "பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சுத் தர்றேன் சார்" என்கிற கடை இந்த அரைமணி நேரத்தைத்தான் சாப்பிடுகிறது.

கேஜ் என்றதும் ஒரு விஷயம். எஞ்சினை அணைத்துவிட்டுக் கேஜை மாட்டி, "நூறு பிஎஸ்ஐ இருக்கு, கேஸ் ஃபுல்" என்பார்கள். வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். நிறைந்திருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரி எரிகிறது. உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, அளவு அல்ல. 30 டிகிரியில் ஆர்-134ஏ 97 பிஎஸ்ஐ காட்டும், பாதி கேஸ் போயிருந்தாலும் அதையேதான் காட்டும். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஈரத்துணியால் துடைத்து எந்த உயரம்வரை ஈரம் காயவில்லை என்று பார்ப்பார்கள், அல்லது தூக்கிப் பார்ப்பார்கள். ஏசியிலும் சரியான வழி தூக்கிப் பார்ப்பதுதான்: கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்து எடை போடுவது.

எஞ்சின் ஓடும்போது கேஜ் உண்மையைச் சொல்லும். அதில் இரண்டு முள். நீலம் தாழ்ந்த அழுத்தம், சிவப்பு உயர்ந்த அழுத்தம். இரண்டும் இறங்கிக் கிடந்தால் கேஸ் குறைவு, மச்சான் சொன்னது சரி. இரண்டும் ஏறி நின்றால் சூடு வெளியேறவில்லை, அல்லது அளவுக்கு மேல் ரொப்பியிருக்கிறார்கள். நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரசருக்கு வயதாகிவிட்டது, நசுக்க வலுவில்லை. அந்த நிலையிலும் நிற்கும்போதுதான் குளிர் குறையும் என்பதால் விசிறிக் கோளாறோடு குழப்பிக்கொள்ள இடமுண்டு. பாயின் ஒரு மக்கு தண்ணீர் பிரித்துக் காட்டும்: கம்ப்ரசர் தளர்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றியும் பெரிதாகக் குளிராது.

அளவுக்கு மேல் ரொப்பினால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. கண்டென்சரில் திரவம் தேங்கி, கேஸ் குளிர்வதற்கான இடத்தை அடைத்துக்கொள்ளும். குளிர் கூடாது, குறையும்.

ஏசியைப் போட்டதும் பானட் பக்கமிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கம்ப்ரசரின் கிளட்ச், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஓசை அது. 1939-ல் அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய கார்களை முதன்முதலில் காட்டியபோது அவற்றில் இந்தக் கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பணக்காரர்கள் வாங்கும் கார், ஆனால் ஏசியை அணைக்கக் கையில் கிரீஸ். அந்த 'டிக்' கேட்கவே இல்லையென்றால் மின்சாரப் பக்கம் தேட வேண்டும்: ஃபியூஸ், ரிலே, ஒயர். தெருவில் நிறுத்தும் வண்டி என்றால் முதலில் எலியைச் சந்தேகிப்பேன். கேஸ் மிகவும் குறைந்தாலும் பிரஷர் சுவிட்ச் கிளட்சை ஒட்டவிடாது. புதிய வண்டிகள் பலவற்றில் கிளட்சே இல்லாத கம்ப்ரசர், அங்கே இந்தக் காதுச் சோதனை செல்லாது.

ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் சூடு, டேஷ்போர்டுக்குள் டக்டக் என்ற சத்தம் என்றால் காற்றைத் திருப்பும் கதவின் சின்ன மோட்டார். அழுக்கு சாக்ஸ் நாற்றம் என்றால் ஈரக் காயிலில் பூஞ்சை. வீடு வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து புளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் காயும். முன்சீட்டுக் கால்மிதி நனைந்தால் காயில் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைப்பு.

வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பதற வேண்டாம். கடற்கரை ஊர்க் காற்றில் உள்ள ஈரம் அது. மணிக்கு 1 லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்க ஏறத்தாழ 670 வாட் குளிர்திறன் செலவாகிறது, கிட்டத்தட்ட ஒரு மிக்ஸி இழுக்கும் மின்சாரத்தின் அளவு. ஆகவே சென்னையில் வெளிக்காற்றுப் பட்டனை அழுத்தி வைத்துக்கொண்டு ஏசி சரியில்லை என்று புலம்புவதில் நியாயமில்லை. ஏசி பாதி நேரம் கடலைத்தான் உலர்த்திக்கொண்டிருக்கிறது. உள்காற்றையே சுற்றவிடுங்கள், நீண்ட பயணத்தில் மட்டும் அவ்வப்போது சில நிமிடம் வெளிக்காற்றை விட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் முதல் ஓரிரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி ஓட்டினால் உள்ளே வெந்துகொண்டிருக்கும் காற்று தானே போய்விடும், ஏசிக்கு அந்தச் சுமை மிச்சம்.

என் வண்டிக்கு இரண்டு முறை ரொப்பியதை நினைத்தால் பணத்தைவிட அந்தப் 'புஸ்'தான் உறுத்துகிறது. ஓசோனைத் தின்றதால் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் பேரில் விலக்கப்பட்ட பழைய ஆர்-12க்கு மாற்றாக வந்தது ஆர்-134ஏ. ஓசோனை இது தொடுவதில்லை. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றும். என் வண்டியின் கொள்ளளவு 450 கிராம், அதாவது சுமார் 640 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கிலோமீட்டருக்கு 120 கிராம் வெளிவிடும் சின்ன பெட்ரோல் கார் 5,300 கிலோமீட்டர் ஓடினால்தான் அவ்வளவு வரும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நாலு முறை போய்த் திரும்புகிற தூரத்தை ஒட்டிய கணக்கு. கடைப்பையன் குச்சியை அழுத்திப் பிடித்தது ஒரு நிமிடம் இருக்கும். ஐரோப்பாவில் 2017-லிருந்து புதிய கார்களில் ஆர்-134ஏ போடவே அனுமதியில்லை.

பேர் தெரியாத கேனில் வரும் மலிவு கேஸ் இன்னொரு கவலை. 2011-ல் கப்பல் சரக்குக்கான குளிர்பதனக் கன்டெய்னர்கள் சில வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று நம்பி நிரப்பியதில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது கம்ப்ரசரின் அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளை உண்டாக்கியிருந்தது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: அதன் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது, சாதாரண கார் கம்ப்ரசரின் எண்ணெயை அதில் விட்டால் மின்கசிவுக்கு வழியாகும். சந்துக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் வண்டியின் பானட்டைத் திறந்தால் உள்பக்கத்திலோ முன்சட்டத்திலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கேஸின் பெயரும் அது எத்தனை கிராம் என்பதும் அதில் இருக்கும். அதைச் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேஜை எடுக்குமுன் எப்போது குளிரவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். கேஸ் ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அந்தப் படத்தைக் காட்டித் தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.